மலைக்குப் போகிற சாமான்

என் வீட்டு முன்கதவு, என் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் மாட்டுச்சாளைக்குக் கதவாக இருந்தது. சாந்தன்பாறை மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவே நாங்கள் கட்டிக் குடிபோன வீட்டைச் சொல்கிறேன். நல்ல பலாமரக் கதவு. வருகிறவர்கள் தடவிப் பார்த்து மெச்சுவார்கள். எனக்கு அதைத் திறக்கும்போதெல்லாம் எலப்புள்ளியில் என் புகுந்த வீட்டில் கட்டியிருந்த எருமைகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

அதை மாட்டுச்சாளையில் மாட்டி வைத்தவர் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. பெயரைச் சொல்லப்போவதில்லை. எலப்புள்ளியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதுமில்லை. எனக்கு அக்கா. என் கணவருக்கு நங்கை. எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள். ஊருக்குப் பெரியூட்டு அம்மா. 'அவர்' என்று மரியாதையாக எழுதிக்கொண்டு போகிறேன். மனசுக்குள் அந்த மரியாதை பல நாள் இருந்ததில்லை. பொறாமை என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

அக்கா எந்தப் பொருளையும் பார்த்தவுடன் வாங்கிவிட மாட்டார். வாங்கிவிட்டாலும் சேர வேண்டிய இடத்துக்கு உடனே அனுப்ப மாட்டார். கொஞ்ச நாள் அது அவர் கையில் புழங்க வேண்டும். "பழகிப் பாக்காம எப்புடிங்க?" என்பார். இதைச் சொல்லாத நாள் கிடையாது. பசு வாங்குவதென்றால் விற்கிறவர் அதை ஒரு வாரம் எங்கள் தொழுவத்தில் கட்டிவிட்டுப் போக வேண்டும். ஜமுக்காளக்காரர் ஜமுக்காளத்தை விட்டுவிட்டுப் போய் அடுத்த சந்தைக்கு வந்து பதில் கேட்டுக்கொள்ள வேண்டும். அரிவாள்மணை வாங்கினால் சந்தையிலேயே உட்கார்ந்து, பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு கத்தரிக்காய் கேட்டு வாங்கி அரிந்து பார்ப்பார். கத்தரிக்காய்க்காரர் வாயைத் திறக்க மாட்டார். அக்கா முகத்துக்கு அப்படி ஒரு ராசி.

என்னையும் இப்படித்தான் வாங்கினார்கள். கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்னால், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு மாரியம்மன் நோம்பி பார்க்க வந்தவர், எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். தூரத்துச் சொந்தம் என்பதால் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. என்னோடு ஒரே பாயில் படுத்தார். என்னிடம் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டார். நான் குழம்பு கூட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நானும் யாரோ பாசமான அக்கா என்று விழுந்து விழுந்து கவனித்தேன். கல்யாணமான பிறகு ஒரு நாள் சொந்தக்காரர்கள் கூட்டத்தில் அவரே இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"தூக்கத்துல காலத் தூக்கி மேல போடுவா. மத்தபடி கொற ஒண்ணுமில்லீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

என் கணவரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். அக்கா மருமகளாக வந்தபோது அவர் பள்ளிக்கூடம் போகிற பையன். குளிக்க வைத்ததும் சோறு போட்டதும் அக்காதான். அதனால் சட்டைத்துணி எடுத்தாலும் சரி, உரம் வாங்கினாலும் சரி, "நங்கை பாத்தாச் செரியா இருக்கும்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். நான் ஒரு யோசனை சொன்னால் ஆகட்டும் என்பார். பிறகு அடுப்படிக்குப் போய் அக்காவிடம் அதையே கேட்டுக்கொண்டிருப்பார். புருஷன்காரன் வேறு பெண்ணைப் பார்த்தால் ஊரைக் கூட்டிச் சண்டை போடலாம். தாய் மாதிரி இருக்கிற அண்ணியிடம் யோசனை கேட்கிறவரை என்ன சொல்லிச் சண்டை போடுவது?

நிலச் சட்டம் வந்த புதிது அது. ஒரு குடும்பம் இத்தனைக்கு மேல் வயல் வைத்திருக்க முடியாது, தோட்டமாக இருந்தால் அந்தக் கட்டு இல்லை என்று யாரோ வக்கீல் சொல்ல, என் மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன், கொஞ்சம் வயலைக் கைமாற்றிவிட்டு சாந்தன்பாறையில் ஏலக்காட்டை வாங்கினார். தம்பி அங்கே போய் இருந்து பார்க்க வேண்டும், அதற்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தனி வீடு. அதுவும் கண்காணாத மலையில். எந்த மூலையில் எந்த ஆணி என்று நான் சொல்லுகிற வீடு. அங்கே போனால் என் புருஷன் யோசனை கேட்க என்னை விட்டால் வேறு ஆள் இருக்காது.

மச்சாண்டார் கை இறுகின மனிதர். எலப்புள்ளி வீடு அவருடைய அப்பா கட்டியது. அதில் புதிதாக ஓர் ஆணி அடிக்கவும் விட மாட்டார். "எங்கப்பன் இருந்து வாழ்ந்த ஊடு. இதுல என்ன கொறச்சல்?" என்பார். சாணி மெழுகின அடுப்படி, தூக்கிச் சாத்த வேண்டிய வாசல்கதவு, கை காய்த்துப்போகும் கிணற்றுக்கயிறு, கோடையில் ஆளுக்கொரு பனையோலை விசிறி. ஆனால் மலை வீடு என்றதும் அவர் கை தாராளமாகிவிட்டது.

"ஆபீசருங்க வருவாங்க. ஏல யாவாரிங்க வருவாங்க. ஊடு ஊடாட்ட இருக்கோணும்" என்றவர், அடுத்த வாக்கியத்தில் என் தலையில் கல்லைப் போட்டார். "சாமானெல்லாம் பெரியவளே பாத்து எடுக்கட்டும்."

"நங்கை பாத்தா..." என்று ஆரம்பித்தார் என் கணவர். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அதற்கப்புறம் ஒரு வருடம் எலப்புள்ளி வீடு ஒரு சாமான்கடையாகவே மாறியது. மலைக்குப் போக வேண்டிய ஒவ்வொன்றும் அக்காவிடம் பழகிவிட்டுத்தான் போகும். கதவு மாட்டுச்சாளைக்குப் போனது இப்படித்தான். காலையிலும் சாயங்காலமும் அதைத் திறந்து சாத்திப் பார்ப்பார். ஒரு விரலால் தள்ளுவார். "பாரு கண்ணு, சத்தமே இல்ல" என்று என்னையும் தள்ளச் சொல்வார். நான் தள்ளுவேன். என் வீட்டுக் கதவை முதலில் திறந்த கை என்னுடையது இல்லை என்று நினைத்துக்கொண்டே தள்ளுவேன்.

பித்தளைக் குழாய்கள் வந்தன. அவற்றை ஒரு இரும்பு டிரம்மில் பொருத்தச் சொல்லி, டிரம்மைக் கொல்லையில் கல் அடுக்கி ஏற்றி வைத்தார். மோட்டார் ஓடும்போது அதில் தண்ணீர் நிரப்பிவிட்டால் நாள் முழுக்கக் குழாயைத் திருகிப் பிடித்துக்கொள்ளலாம். ஒழுகுகிறதா என்று பார்க்கிறாராம். பாத்திரம் தேய்ப்பது, துணி அலசுவது, கால் கழுவுவது எல்லாம் குழாயடியில்தான். அது மலைக்குப் போன அன்று மறுபடி கயிற்றைப் பிடித்து இழுத்தோம்.

தரைக்குச் சிவப்புச் சிமென்ட் பூசுவது என்று தீர்மானித்து, கொத்தனாரை விட்டு ஒரு பாய் அளவுக்கு மாதிரி போடச் சொன்னார். எங்கே போடுவது? அடுப்படியில், ஜன்னலுக்குக் கீழே. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து அதைக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். மத்தியானம் வேலை முடிந்ததும் முந்தானையை விரித்துக்கூடப் போடாமல் அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துவிடுவார்.

"சும்மா சில்லுனு இருக்குது கண்ணு. இதுதான் உங்கூட்டுக்குச் செரி."

மச்சாண்டார் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "அடுப்படில என்னது இது?" என்றார்.

"மலைக்குப் போடறதுக்கு மாதிரிங்க" என்றார் அக்கா. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

செம்புப் பாய்லர் வந்தது. நடுவில் கரி போட்டு வெந்நீர் வைக்கிறது. மலையில் குளிருமாம், வெந்நீர் வேண்டுமாம். அதற்காக எலப்புள்ளி வெயிலில் அக்கா விடிந்தும் விடியாமல் கரி மூட்டி, கமகமவென்று சீயக்காய் போட்டு, வெந்நீரில் ஊறி ஊறிக் குளித்தார். பாய்லர் என் வீட்டுக்கு வந்தபோது அதன் மூடியில் மஞ்சள் பூசின விரல் ஐந்தும் அப்படியே பதிந்திருந்தன. புளி போட்டுத் தேய்த்தேன். செம்பு பளபளத்தது. எனக்கென்னவோ மஞ்சள் போகாத மாதிரியே இருந்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மின்விசிறியைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. கிணற்று மோட்டாருக்காக வந்த கரண்டில் வீட்டுக்குள் இரண்டு பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்த காலம். கோயமுத்தூரிலிருந்து மின்விசிறி வந்தது, மலை வீட்டு முன்னறைக்கு. அக்கா அதை நடுவீட்டில், தன் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டச் சொன்னார். எறக்கை ஆடுகிறதா, சூடாகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பங்குனி பார்த்தார், சித்திரை பார்த்தார். மச்சாண்டார் எந்நேரமும் களத்து வேம்படியிலேயே கிடப்பவர். அவருக்கு இது கண்ணிலேயே படவில்லை. பின்னறையில் நான் ஓலை விசிறியோடு வெந்துகொண்டிருப்பேன். என் வீட்டு மின்விசிறி அந்தப் பக்கம் உர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும்.

"ஏம்மிணி, நீயும் இங்கயே வந்து படு. காத்து ரெண்டு பேருக்குந்தான்" என்று கூப்பிடுவார்.

"இல்லீங்க்கா, எனக்குக் காத்தே ஆவாதுங்க" என்பேன். வேர்வை முதுகில் ஆறாக ஓடும். வீம்புக்கு ஒரு விசிறி ஈடாகாது என்று அந்தக் கோடையில் தெரிந்துகொண்டேன்.

நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு பொருள். பொள்ளாச்சியில் ஒரு இரும்புக்கடையில் வெள்ளைப் பீங்கானில் கதவுக்குக் குமிழ் வைத்திருந்தார்கள். நீலத்தில் ஒரு பூ வரைந்திருந்தது. கையில் எடுத்தேன், கீழே வைக்க மனசில்லை. "இது எடுத்துக்கலாங்களா?" என்று என் கணவரைக் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். கடைக்காரரும் அக்காவைப் பார்த்தார். அக்கா அதை வாங்கி, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பில் விரலை நனைத்துக்கொண்டு திருகிப் பார்த்தார்.

"ஈரக்கைக்கு வழுக்குது கண்ணு. அடுப்படில இருந்து ஓடி வந்து தொறக்கறப்ப ஆவாது" என்று சொல்லி அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். இரும்புக் கைப்பிடி வாங்கினோம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, மாநில எல்லையில் இருந்த கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ் நின்றது. மூட்டை, பெட்டியெல்லாம் இறக்கிக் காட்டச் சொன்னார்கள். பித்தளைத் தாழ்ப்பாள், கீல், கைப்பிடி என்று ஒரு சாக்கு நிறைய.

"இது ஆருடெ சாதனம்?" என்று மலையாளத்தில் கேட்டார் காவலர்.

நான் வாயைத் திறப்பதற்குள், "எம்படதுங்க" என்றார் அக்கா.

செக்போஸ்டில் யாரோ ஒருவர் என்னுடையது என்று சொல்லியாக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே. கழுத்து நிமிர்ந்து, முகம் மலர்ந்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. பத்து நிமிஷம் அந்தச் சாக்கின்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். கோபாலபுரத்திலிருந்து எலப்புள்ளி வருகிறவரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வைகாசிக் கடைசியில் மலைக்குக் குடிபோனோம். எங்களுக்கு முன்னால் சாமான்கள் லாரியில் உடுமலை, மறையூர், மூணாறு வழியாக ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தன. அங்கே வீடு கட்டிய மேஸ்திரி ஞானமுத்து, தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைக்காட்டு வேலைக்கு வந்த குடும்பம். எங்களைப் பார்த்ததும் மின்விசிறியைத்தான் காட்டினார்.

"என்னம்மா, காத்தாடி கொண்டாந்திருக்கிய? இங்ஙன கரண்டும் கிடையாது, வேர்வையும் கிடையாது. அடிக்கிற காத்த நிப்பாட்டுததுக்கு ஏதும் மிசினு இருந்தா அதக் கொண்டாங்க!"

என் கணவருக்குச் சுருக்கென்றது. "எங்க நங்கை பாத்து வாங்குனது. மாட்டுங்க" என்றார். மாட்டினார்கள். ஆனி பிறந்து மழை இறங்கியது. அது மழையா? மேகமே வீட்டுக்குள் வந்து குடியிருந்தது. துணி காயாமல் நாறியது. முன்னறையில் கணப்பு மூட்டி, மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் என் சேலையையும் அவருடைய வேட்டியையும் தொங்கவிட்டேன். அப்படியாவது அது உபயோகமாக இருக்கட்டும் என்றுதான்.

அந்த மழையில் அக்கா பழகிப் பார்த்த ஒவ்வொன்றும் பல்லைக் காட்டியது. எலப்புள்ளி வெயிலில் ஒரு விரலுக்கு அசைந்த கதவு ஈரத்தில் ஊதிப் பாதியில் நின்றுவிட்டது. திறக்கவும் வராது, சாத்தவும் வராது. மேலே ஓடையிலிருந்து இறங்கி வந்த தண்ணீர் இலையும் மணலுமாகப் பித்தளைக் குழாயை அடைத்துக்கொண்டது. சிவப்புத் தரையில் கால் வைத்தால் உச்சந்தலைக்கு ஏறியது குளிர். பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் பலகைத் தரை. பாய்லர் ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்தது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வது? கம்பளியைப் போர்த்துக்கொண்டு, பல் கிட்டிக்க, அந்தத் தரையில் நின்றபடி சந்தோஷப்பட்டேன். நங்கை பார்த்தால் சரியாக இருக்குமாம். இதோ இருக்கிறதே, வாருங்கள், வந்து பாருங்கள்.

மேஸ்திரி ஆசாரியைக் கூட்டி வந்தார். "ரெண்டு எழைப்பு எழைச்சா கதவு சாத்திரும்மா" என்றார். நான் விடவில்லை.

"ஏம்புள்ள, குளுரு உள்ள அடிக்குது. எளைச்சு உட்டர்லாமில்ல?" என்றார் என் கணவர்.

"அக்கா வந்து பாக்கட்டுங்க. அவிய பாத்து வாங்குன கதவு. அவியளக் கேக்காம கை வெக்கலாமுங்களா?"

அவர் போய் ஆசாரியைத் திருப்பி அனுப்பினார். கதவிடுக்கில் சாக்கைத் தொங்கவிட்டு அந்த மழைக்காலத்தை ஓட்டினோம். அவருக்குச் சளி பிடித்தது, எனக்கும் பிடித்தது. நான் அசையவில்லை. அக்கா வரும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று அடுப்பு ஊதிக்கொண்டே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் வந்தார். எலப்புள்ளியிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வந்த எங்கள் லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாக. மச்சாண்டார் அறுப்பு வேலையில் இருந்துவிட்டார். லாரியை விட்டு இறங்கியவர் என்னைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கதவிடம் போனார். தள்ளினார். அது நகரவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

அக்கா சிரித்தார். "அட, நல்லா ஊறிப் போயிட்டயே!" என்றார், கதவைப் பார்த்து. உடம்பை ஒருக்களித்து இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். தாழ்ப்பாளைத் தொட்டார், ஜன்னல் கொக்கியைத் தொட்டார். சிவப்புத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். மின்விசிறிக்குக் கீழே நின்று என் சேலையை விலக்கிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிரசவத்துக்கு வந்த மகள் மாதிரி வீட்டைச் சுற்றி வந்தார். நான் தயாராக வைத்திருந்த பேச்செல்லாம் வாயிலேயே கசந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் கொல்லையில் பாய்லருக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து கை காய்ச்சிக்கொண்டிருந்தோம். என் கணவர் காட்டுக்குப் போயிருந்தார். இனி அடக்க முடியாது என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க்கா, நீங்க பழகிப் பாத்து அனுப்புனதுல இந்தப் பாய்லர உட்டா ஒண்ணுகூட இங்க ஆவுலீங்களே."

"ஆவாதுன்னு தெரியும் கண்ணு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எலப்புள்ளி வெயில்ல பழகுனது மலைக்கு ஆவுமா? இது ஒரு பெரிய சூட்சுமமா? ஃபேன ஏத்தறப்ப லாரிக்காரனே சிரிச்சான்."

"அப்பறம் ஏனுங்க்கா அனுப்புனீங்க?"

கரியை ஒரு குச்சியால் கிளறிவிட்டுக்கொண்டு, ஊர்க்கதை சொல்கிற மாதிரி சொன்னார்.

"மலைக்குன்னாத்தான் உங்க மச்சாண்டார் காசு குடுப்பாரு. எனக்குன்னாக் குடுப்பாரா? எங்கூட்ல ஒரு கொழாய் வெய்யுங்கன்னு நானும் கல்யாணமாயி வந்ததுல இருந்து கேட்டுப்போட்டேன். மலைக்குப் போற சாமான்னு சொன்னா ஒரு பேச்சு இல்லாம ஊட்டுக்குள்ள வந்துருது. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, எங்கூட்ல இருந்துச்சில்ல? போதும். ஃபேன எறக்கறப்ப மட்டும் கொஞ்சம் சங்கட்டமா இருந்துச்சு."

எனக்கு முதலில் வந்தது கோபம். உங்கள் ஆசைக்கு என் வீடுதான் கிடைத்ததா, நான் இங்கே விறைத்துக் கிடக்கிறேனே என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியிருப்பேன். அதற்குள் வேறொன்று உள்ளே புகுந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு குழாய்க்கு, ஒரு பாய் அகலத் தரைக்கு இப்படி ஆசைப்பட ஒருத்தியால் முடியுமா? எனக்கு அந்தப் பீங்கான் குமிழைத் தவிர எதன் மேலும் அப்படி ஓர் ஆசை வந்ததில்லை. இந்த வீட்டுப் பொருள்கள் எதுவும் அவருடையதாக இருக்கக் கூடாது என்பதைத்தான் நான் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். குளிரில் நடுங்குகிற இந்த வீட்டில், எனக்கு முன்னாலேயே ஒருத்தி சந்தோஷமாகக் குடியிருந்து முடித்துவிட்டாள். அதற்கும் பொறாமைப்பட்டேன். அதற்குத்தான் அதிகமாகப் பொறாமைப்பட்டேன்.

"குளுருது, உள்ள போலாங்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் லாரி புறப்படத் தயாராக நின்றது. ஏலக்காய் எல்லாம் போடிச் சந்தைக்குப் போய்விடும். எலப்புள்ளிக்குத் திரும்புகிற லாரி எப்போதும் காலிதான். என் கணவர் அதைச் சுற்றி வந்தவர், திடீரென்று நல்ல யோசனை வந்தவராக வாசலில் நின்ற அக்காவிடம் சொன்னார்.

"நங்கை, லாரி சும்மாதானுங்க போவுது. அந்த ஃபேனு இங்க எதுக்குங்க? கொழாயும் கழட்டிக் கெடக்குது. கதவுகூட, இவ எளைக்க உடமாட்டீங்கறா. பேசாம ஏத்திக்கிட்டுப் போயிருங்க. அண்ணன்கிட்ட, மலைக்கு ஆவுலீன்னு திரும்பி வந்துருச்சுன்னு சொல்லிக்கலாம். நான் இங்கத்த ஆசாரிய உட்டு வேற கதவு பண்ணிக்கறேன்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பார்த்து ஒரு பதிலுக்காக நின்றது அது ஒரு தடவைதான். பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார். திரும்பி வந்த சாமானை மச்சாண்டார் ஒன்றும் சொல்ல மாட்டார், தூக்கி எறியவும் மாட்டார். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டிரைவர் லாரியின் பின்பலகையைக்கூட இறக்கிவிட்டார்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன புள்ள சொல்ற?"

இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்.

"எங்கூட்டுச் சாமானுங்க. எங்கூட்லயே இருக்கட்டும்" என்றேன்.

"ஆமா கண்ணு. அதுதான் மொற" என்றார் அக்கா. பையை முன்சீட்டில் வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

டிரைவர் பின்பலகையைத் தூக்கி மாட்டினார். லாரி காலியாகத்தான் இறங்கிப் போனது.